இரண்டு பெயர்களும் ஒரு பூட்டும்

இன்று காலை நீலசந்திரா மெயின் ரோடு முழுக்க ஆப்பிள் வாசனை. கிரேனில் தொங்கிய ஆப்பிள் மாலையை மந்திரியின் தலைக்கு மேல் இறக்கினார்கள். கழுத்தைத் தொடுவதற்குள் கூட்டம் அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டது. காலடியில் நசுங்கிக் கிடந்த பழங்களைத் தாண்டித்தான் டயாலிசிஸ் மையத்துக்குள் போக வேண்டியிருந்தது. ஆமாம், திறந்துவிட்டார்கள். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் நீ. நான் அரசியல் பாடம் நடத்தப் போனேன், நீ அரசியலுக்கே போனாய். தேர்தல் சமயத்தில் கட்சித் துண்டைத் தோளில் போட்டு, ஊசி குத்திய கையை முந்தானையால் மூடிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாய். இவர்கள் வந்தால் மட்டும் என்ன மாறிவிடும் என்று கேட்டேன். "நீ இன்னா, கிளாஸ்ல கேக்கற மாதிரியே கேக்கற. பில்டிங் ரெடி, மெஷின் ரெடி. நம்மாளுங்க வந்து பூட்டத் தெறக்கணும், அவ்ளோதானடி" என்றாய். வாரம் மூன்று முறை ஆட்டோவில் ஊரின் மறுகோடிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தாய். அந்தப் பூட்டோ உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

உன் ஆட்கள் வந்தார்கள். மந்திரிகள் பட்டியலும் வந்தது. நம் எம்.எல்.ஏ.வுக்கு இடமில்லை, பக்கத்துத் தொகுதிக்காரர் மந்திரியானார். அந்த வாரமே கட்சி இரண்டு வீடுகளாகிவிட்டது. ஒருவர் எந்த வீட்டில் முதல் சால்வை போடுகிறார் என்பதை வைத்து, யார் எவருடைய ஆள் என்று முடிவு செய்தார்கள். நீ ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் போனாய். இருவரும் ஒரே கட்சி என்று அப்போதும் நம்பியவள் நீ ஒருத்திதான்.

எம்.எல்.ஏ. வீட்டில், "அங்க சால்வை போட்டுட்டு இங்க எதுக்கும்மா வந்த?" என்றார்கள். மந்திரி வீட்டில் உதவியாளர், "நாளெ பன்னி அம்மா" என்று கன்னடத்தில் நாளைக்கு வரச் சொன்னார். மறுநாளும் அதையே சொன்னார். திரும்பும் வழியில் நீ சிரித்தாய்: "பேய் வரக்கூடாதுன்னு வாசல்ல 'நாளெ பா'ன்னு எழுதுவாங்களே, நம்மளயும் பேயாக்கிட்டான் பாரு."

தகராறு கல்வெட்டில்தான். திறப்பு விழாக் கல்லில் யார் பெயர் மேலே? ஒரு கல் வந்தது, எம்.எல்.ஏ. ஆட்கள் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு கல் வந்தது. மந்திரி தேதி கொடுக்கவில்லை. நீ கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்து, பிளாஸ்டிக் உறை போட்ட மெஷின்களைப் பார்ப்பாய். "அந்த ஜன்னலோரம் என்னுது. சொல்லி வெச்சிட்டேன்." யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் அந்த மழை. ரோட்டில் நின்ற தண்ணீரில் உன் ஆட்டோ ஈஜிபுராவைத் தாண்டவில்லை. அந்த முறை டயாலிசிஸ் தவறியது. மறுநாள் காலை உனக்கு மூச்சு வாங்கியது, மதியத்துக்குள் போய்விட்டாய்.

சாவிலும் விடவில்லை. இரண்டு தரப்பும் மலர் வளையம் கொண்டுவந்து, எது மேலே இருக்க வேண்டும் என்று உன் காலடியில் நின்று முணுமுணுத்தார்கள். உன் வீட்டுக்காரர் இரண்டையும் தூக்கி வெளியே வைத்தார். "அவ மேல பாரம் வேணாண்ணா" என்றார்.

இப்போது சமாதானமாகிவிட்டார்கள். எம்.எல்.ஏ.வுக்கு ஏதோ வாரியத் தலைவர் பதவி. கல்லில் இருவர் பெயரும் ஒரே வரியில். மேடையில் ஒருவருக்கொருவர் லட்டு ஊட்டிக்கொண்டார்கள். எங்கள் ஒற்றுமைக்கு இந்த மையமே சாட்சி என்றார் மந்திரி. உன்னோடு வீடு வீடாக வந்த பெண்களும் கைதட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. அவர்கள் வீடுகளிலும் நோயாளிகள் இருக்கிறார்கள்.

அந்த மழைக்கு முன் கடைசியாக எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனபோது நீ உட்காரவில்லை. "சண்டை போடுங்கண்ணா, வேணாங்கல. கதவத் தெறந்து வெச்சிட்டுப் போடுங்க" என்றாய். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடத்தில் அதிகாரப் போட்டி என்றொரு அத்தியாயம் உண்டு. வருடாவருடம் குரல் உயராமல் நடத்தி வந்தேன். அதுதான் படித்தவர்களின் முறை என்று நினைத்திருந்தேன். இந்த வருடம் பாதியில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். உன் நம்பிக்கை எனக்கு எப்போதும் வந்ததில்லை, இனியும் வராது. இந்தக் கோபம் மட்டும் வந்திருக்கிறது. வைத்துக்கொள்கிறேன்.