வடக்குத் தளத்தில் ஒரு பிரசவம்

செவ்வாய் கிரகம், வடக்குத் தளம். கர்ப்பம் 28ஆம் வாரம், காலை

காற்றழுத்தம் சரி. பனிப்பாறை துளைக்கும் வேலை வழக்கம்போல் நடக்கிறது. என் பெயர் தெய்வானை, நிலவியலாளர். இங்கே நானும் என் கணவர் பொன்னுலிங்கமும் மட்டும். முதல் பிள்ளை ஆறாம் மாதத்திலேயே பிறந்து தங்கவில்லை. அதனால் இந்த முறை வலி முன்கூட்டியே வராமலிருக்க வாரம் ஒரு ஹார்மோன் ஊசி.

சாப்பிட்ட பின் சர்க்கரை 186. மீட்டர் பழுது என்று நினைத்து வேறு விரலில் குத்தினேன். 189.

அதே நாள், மாலை

தலைமைத் தளத்திலிருந்து டாக்டர் ஜொஹரா பேசினார்: “அந்த ஊசி போட்டுக்கிற சில பேருக்குச் சக்கரை ஏறுதும்மா. அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். சோத்தைக் குறை, சாப்பிட்டதும் நட. அடங்கலைன்னா இன்சுலின்.”

“ஊசியை நிறுத்திடட்டுமா டாக்டர்?”

“நிறுத்தினா வலி முன்னாடியே வந்துடுமோன்னு பயமா இருக்கு. நீ என்ன நினைக்கிறே?”

நிறுத்தவில்லை.

30ஆம் வாரம்

அடங்கவில்லை. இங்கே இன்சுலின் கிடையாது. பொன்னுலிங்கம் ஊர்தியை எடுத்துக்கொண்டு தலைமைத் தளத்துக்குக் கிளம்பினார். “போன கையோட வந்துடுறேன். பட்டினி மட்டும் கிடக்காதே.”

அவர் போய்ச் சேர்ந்ததும் புழுதிப்புயல் கிளம்பிவிட்டது.

32ஆம் வாரம்

புயல் ஓயவில்லை. அவர் அங்கே, நான் இங்கே. வெறும் வயிற்றிலேயே 131. தாகம். நடைபாதையில் நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது.

ஊசியை நானே தொடையில் போட்டுக்கொள்கிறேன். இது பிள்ளையைக் காப்பாற்றுகிறதா, கெடுக்கிறதா? புயலில் ரேடியோவும் எடுக்கவில்லை, கேட்க ஆளில்லை. போட்டுவிட்டேன்.

35ஆம் வாரம், காலை

பனிக்குடம் உடைந்துவிட்டது. புயல் இன்னும் ஓயவில்லை. ரேடியோவில் டாக்டர் குரல், பாதி இரைச்சல்.

“தெய்வானை, நல்லா கேட்டுக்கோ. உன் சக்கரைக்குப் பழகின பிள்ளை. கொடியை அறுத்ததும் அதோட சக்கரை சட்டுனு இறங்கும். உடனே பால் கொடு. குதிகால்ல குத்திப் பாரு. நாப்பதுக்குக் கீழே போனா...”

அதோடு தொடர்பு அறுந்தது. போனால் என்ன செய்ய, டாக்டர்?

வலி அடுக்கடுக்காக வருகிறது.

பிறகு

பெண். பெரிய உடம்பு. அழுதாள். கொடியைக் கட்டி அறுத்தேன். ரத்தம் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

அழுகை நின்றுவிட்டது. அவள் கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது.

குதிகாலில் குத்தினேன். மீட்டர் 27.

மார்பில் வைத்தேன். வாய் திறக்கவில்லை. சீம்பாலைப் பிழிந்து விரலில் எடுத்து நாக்கில் தடவினேன். மறுபடி. மறுபடி.

29.

இதைப் படிப்பவர்களுக்கு: அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பெயரை அவள் அப்பாவிடம் கேளுங்கள்

விழுங்கினாள். பார்த்தேன், தொண்டை அசைந்தது.

36.

இப்போது அவளே பிடித்து இழுக்கிறாள். வலிக்கிறது, அவ்வளவு பலம். நடுக்கம் குறைந்த

48. நாற்பத்தெட்டு! அழுகிறாள், பசியில்தான், இரு கையாலும் அவளை ஏந்த வேண்டும், இனி எழுத எனக்குக் கை