புரட்டாசிக்கு முன் ஒரு மீன் வறுவல்

செப். 11, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பையன் கவினின் சட்டையை இஸ்திரி போட்டே காய வைத்தேன். கருகல் வாசம்.

அவரிடம் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேர் மட்டும் ஜேடர்பாளையம் போய் ஆற்று மீன் சாப்பிட்டு வரலாமா என்று. புதன்கிழமை புரட்டாசி பிறந்துவிடும், அப்புறம் ஒரு மாதம் கவிச்சி கிடையாது. டிவியை அணைத்துவிட்டு எதிரில் போய் நின்று சொன்னேன். இல்லாவிட்டால் இந்த மனுஷனுக்கு ஏறாது. எருமை மேல் மழை பெய்த மாதிரிதான்.

"பசங்க?"

"உங்க அக்காகிட்ட உட்டுட்டுப் போலாங்க. அடுத்த தெருதான."

யாழினி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். "ஏம்மா, உங்களுக்கு இப்பத்தான் கண்ணாலம் ஆச்சா?" ஐந்தாம் வகுப்புக்கு இந்த வாய்.

மீனுக்காகப் போகவில்லை நான். ஒரு கேள்வி இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்துவிட்டு அவர் போர்வெல் வண்டியோடு மறுபடி வடக்கே போனார். நாள் தள்ளியது. போனில் சொன்னேன், "நல்லது"ன்னார். அன்றைக்கெல்லாம் சிரித்தபடியே இருந்தேன். பொங்கல் கழிந்து கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதையும் சொன்னேன். பின்னால் கம்ப்ரசர் சத்தம். "அப்புடியா, நல்லது நல்லது. பசங்க சாப்ட்டாங்களா?"

நல்லதாம்.

எனக்கும் அம்மாவுக்கும் இவருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வடக்கே மழை பிடித்து, ஆனியில் வண்டி ஊருக்குத் திரும்பியது. வந்த நாளிலிருந்து அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டில் பேசவும் இடமில்லை, அழவும் இடமில்லை. அங்கே வைத்துக் கேட்பேன். பதில் சரியில்லையென்றால் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வெண்ணந்தூர், அம்மா வீடு. முடிவு செய்தாயிற்று.

செப். 13, சனி

வெயில். அப்பாடா.

நாளைக்கு: பச்சைச் சேலை (அரக்கு வேண்டாம், மீன் எண்ணெய் பட்டால் போகாது). பிள்ளைகளுக்கு எலுமிச்சை சோறு. கவினின் இருமல் மருந்து மறக்கக்கூடாது. பைக்குக்குக் காற்று.

அவருடைய அக்கா வந்து, "சினிமாக்காரங்களாட்டம் சோடி போட்டுக்கிட்டுக் கெளம்பறீங்களாக்கும்" என்றார். சிரித்து வைத்தேன். பீரோவில் பிள்ளைகளின் சட்டைகளைத் தனியாக அடுக்கியது அக்கா கண்ணில் படவில்லை.

செப். 15, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது வீட்டில் யாரும் இல்லை. பாத்திரம் அப்படியே கிடக்கிறது, கிடக்கட்டும்.

போகும்போதே ஆரம்பித்துவிட்டேன். முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. அதனால் பைக்கில் அவர் முதுகைப் பார்த்தே எல்லாம் சொன்னேன். ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றது, அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டது, எல்லாம். ஒரு 'ம்' கூட இல்லை. கல்நெஞ்சன். இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றி, "தண்ணி ரொம்பப் போவுது, பாரு புள்ள" என்று ஆற்றைக் காட்டினார்.

அணையோரம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மீன் கடையில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். அழுகை முட்டியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "தை மாசம் நாஞ் சொன்னப்ப எதுக்குங்க நல்லதுன்னீங்க?"

"ஆமா ஆமா. இன்னொரு பீசு சொல்லட்டா?"

தட்டை அவர் மூஞ்சியில் வீசியிருப்பேன். அதற்குள் கடைக்காரம்மா அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். "ஏனுங்ணா, கொழம்பு ஊத்தட்டுங்களா?" பதில் இல்லை. மறுபடி கேட்டாள். மறுபடியும். அப்போது யாரோ இடித்து எவர்சில்வர் தட்டுகள் மொத்தமும் அவர் முதுகுக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் விழுந்தன. கடையே திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசைக் கைக்குழந்தை வீறிட்டது. அவர் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

முந்தானையை எடுத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். "காது கேக்குதுங்களா உங்களுக்கு?"

என் வாயைப் பார்த்தார். வாயைத்தான் பார்த்தார். வந்த நாளிலிருந்து என் வாயைப் பார்ப்பதை என்னவோ ஆசை என்று நினைத்திருந்தேன், பைத்தியக்காரி.

"எடது காது சுத்தமா இல்ல. வலது கொஞ்சம். கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னு நின்னு..." குரல் அவருக்கே தெரியாமல் உயர்ந்து உயர்ந்து போனது. "யார்கிட்டயும் சொல்லிராத புள்ள. ட்ரில்லருக்குக் காதுதான் எல்லாமே. பாற மாறுனா சத்தம் மாறும், தண்ணி தட்டுனா சத்தம் மாறும். தெரிஞ்சா எறக்கி உட்டுருவாங்க. இப்ப லீவர்ல கை வெச்சு, அதிர்வப் பாத்தே ஓட்டறேன்."

"கீழ ராடு மாட்டிட்டு நிக்கறவங்க நிறுத்தச் சொல்லிக் கத்துனா?"

இது கேட்டது. ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவரே, "நீ என்னமோ கேட்டயே?" என்றார்.

மெதுவாகச் சொன்னேன். புரியவில்லை. இன்னொரு தரம். "சத்தமாச் சொல்லு." உதட்டைப் பார்த்தும் பிடிபடவில்லை. எதிர்பார்க்கிற வார்த்தையைத்தானே உதட்டில் பிடிக்க முடியும். இந்த வார்த்தையை அவர் எங்கே எதிர்பார்த்தார்?

கத்தினேன். "என்ற வயித்துல இருந்த கொழந்த போயிருச்சுங்க!"

கடைக்காரம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். வீட்டில் சுவருக்குக் கேட்கக்கூடாது என்று எட்டு மாதம் அடக்கி வைத்ததை, முன்பின் தெரியாத சனம் மொத்தமும் கேட்டது.

"என்ன கொழந்த?" என்றார்.

முதல் போனும் கேட்கவில்லை. குழந்தை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். "நா என்ன சொன்னேன்? நீ சொன்னப்ப நா என்ன சொன்னேன்?"

"லைன் கட்டாயிருச்சுங்க."

"இல்ல. நல்லதுன்னுருப்பேன். கேக்காட்டி அதத்தான சொல்லுவேன்." மீன் எண்ணெய்க் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த அழுகைச் சத்தமும் அவருக்குக் கேட்டிருக்காது. கடை பூராவும் கேட்டது.

பிள்ளைகளுக்கு வறுவல் பொட்டலம் வாங்கினோம். கவின் முழுவதையும் தின்றான்.

செப். 18, வியாழன்

புரட்டாசி பிறந்துவிட்டது. வீடு கழுவிவிட்டேன். மழை இல்லை.

காது டாக்டரிடம் போகலாம் என்றால் வரமாட்டேன் என்கிறார். "நம்ம பக்கம் காது டாக்டர்கிட்டப் போனா போர்வண்டிக்காரனுகதான் வருசையா உக்காந்திருப்பானுக. மறுநாளே ஊருக்குத் தெரிஞ்சிரும்." சேலம் போகலாம் என்றேன். பார்க்கலாம் என்றார். பார்க்கமாட்டார்.

"இந்த ஒரு சீசன் ஓட்டிட்டு வந்தர்றேன்" என்றார். "வேண்டாங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் பேச்சு முடிந்தது, அவ்வளவுதான்.

பிள்ளைகளின் சட்டைகளைப் பழையபடி அடுக்கினேன்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. வண்டிக்கு வாழைக்கன்று, சந்தனம். பூசணிக்காய்த் துண்டில் வழுக்கி யாழினிக்கு முட்டியில் சிராய்ப்பு. பொரி, சுண்டல்.

வண்டி ஓனர் அவருக்குப் பின்னால் வந்து நின்றார். "என்ன செந்திலு, வெள்ளிக்கெழம காலைல கெளம்பிரலாமா?" அவர் மாலை கட்டிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. ஓனர் பார்க்கிறார். கூட வேலை செய்பவர்களும் பார்க்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். அவர் வீட்டோடு இருந்திருப்பார்.

"கெளம்பிரலாங்கறாருங்ணா" என்றேன், அவர் தோளைத் தொட்டபடி.

"பார்றா, பதிலுங்கூட ஊட்டுக்காரம்மாதான் சொல்றாங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவர் திரும்பி, எதற்கென்று தெரியாமலே அவரும் சிரித்தார்.

ஏன் சொன்னேன்? இரண்டு நாக்கு எனக்கு. கீழே நிற்கப் போகிறவர்களில் ஒருவர் என்னிடம் சுண்டல் வாங்கிப் போனார், "நல்லாருக்குதுங்க்கா" என்று.

அக். 3, வெள்ளி

போய்விட்டார். கவின் "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடினான். ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று என்னைக் கேட்டான். கையில் வேலையாயிருப்பார் சாமி என்றேன்.

அக். 9, வியாழன்

வானம் மப்பு. தண்ணீர் வந்தது, தொட்டி ரொப்பினேன். யாழினி முட்டி ஆறிவிட்டது.

மத்தியானம் போன். பின்னால் கம்ப்ரசர். முதல் போர்வெல் போட ஆரம்பித்துவிட்டார்களாம். எதுவும் காதில் விழாது என்று தெரிந்துதான் பேசினேன். "நாந்தாங்க உங்களை அனுப்பிச்சேன். யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அது என்ற தலைலதாங்க. வந்துருங்க. ஓனருகிட்ட நானே சொல்லிப் போடறேன். வந்துருங்க."

"நல்லது நல்லது" என்றார். "பசங்க சாப்ட்டாங்களா?"