கடற்காகங்களைப் பார்க்காதே என்று சொன்னவன்

அன்பு மகள் தோருனுக்கு,

நாங்கள் இருவரும் நலம், ஆடுகளும் நலம், நீயும் அங்கே சிலியின் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வருடம் முழுக்க நலம் என்று எழுதும்போதெல்லாம் பொய்தான் எழுதினேன், இந்தத் தடவை அப்படி இல்லை. தீவுக்கு மே மாதம் வந்தாயிற்று, பதினோரு குட்டிகள் பிழைத்துவிட்டன, ஒன்றை மட்டும் அடுப்புப் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் வைத்துப் புட்டிப்பால் கொடுக்கிறோம், அப்பா அதனோடுதான் அதிகம் பேசுகிறார். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய கம்பளிச் சால்வை வந்து சேர்ந்தது, அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் முதலில் சொல்ல வேண்டியது வேறு. உன் மாமா ஸ்வெர்ரே கடலில் விழுந்ததைப் பற்றி இங்கே ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள், அதில் ஏதாவது ஒன்று உன் காதுக்கு வருவதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். அவனை யாரும் தள்ளவில்லை. அவனாகவே குதித்தான். குதிக்கும்படி செய்தவள் நான்.

போன வருடம் பிப்ரவரியில் நடந்தது உனக்குத் தொலைபேசியில் பாதிதான் தெரியும், நீ தனியாக அங்கே உட்கார்ந்து கலங்கக் கூடாது என்று மீதியை விழுங்கிவிட்டேன். மாமாவின் கப்பல்தளத்தில் கட்டிய மாலுமி இல்லாத பயணிக் கப்பல், நம் தீவுக்கும் அக்கரைக்கும் தானாகவே ஓடி, தானாகவே கரையைப் பிடித்து, தானாகவே மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் அந்தக் கப்பல், வெள்ளோட்டத்தில் ஹால்டோரின் சின்னப் படகின் மேல் ஏறியது. ஹால்டோர் பிடித்த மீனைக் கடலிலேயே சுத்தம் செய்துகொண்டிருந்தார், குடலுக்காக அவர் தலைக்கு மேல் கடற்காகங்கள் மேகம் மாதிரி மொய்த்தன. கப்பலின் கண்களுக்கு அந்த மேகம் மட்டும்தான் தெரிந்தது. அப்பா கரையில் கண்காணிப்பு அறையில் திரைகளுக்கு முன்னால் இருந்தார், பார்த்ததும் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார், ஆனால் அவ்வளவு எடையுள்ளது அழுத்திய இடத்திலேயே நிற்குமா. ஹால்டோருக்கு இடுப்பு எலும்பு போயிற்று, இன்றைக்கும் இரண்டு கோல் ஊன்றித்தான் நடக்கிறார். விசாரணையில் உன் மாமா என்ன சொன்னான் தெரியுமா, எதிர்வெயிலில் எந்த இயந்திரத்துக்கும் கண் கூசும், அதற்காகத்தானே சம்பளம் கொடுத்து ஒரு மனிதனை உட்கார வைத்திருக்கிறோம், அந்த மனிதன் பார்க்கவில்லை என்றான். அப்பாவின் கேப்டன் சான்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். இந்த நீரிணையில் பனியிலும் புயலிலும் பயணிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர், அதன்பிறகு அக்கரையில் ஒரு கட்டுமானப் பொருள் கடையில் பலகை அடுக்கினார்.

ஆனால் எதிர்வெயில் ஒன்றும் காரணமில்லை தோருன், அது எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டு மேசையில் ஆட்டு விலா எலும்பைக் கடித்துக்கொண்டே அவன் வாயாலேயே சொன்னான். சால்மன் பண்ணைக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் கப்பல் பறவைக் கூட்டத்தைக் கண்டு நின்றுவிடுகிறதாம், நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லையாம். "காக்கா பறந்தா நிக்கிற கப்பல எவன் வாங்குவான்? கடற்காகத்த பாக்காதன்னு சொல்லிக் குடுக்கச் சொல்லிட்டேன், இப்ப அம்பு மாதிரி போகுது" என்று சிரித்தான். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும்தான், "அதுக்குக் கீழ யாராவது இருந்தா?" என்று கேட்டார். "யாருடா இருக்கப்போறா, எல்லாரும்தான் இப்ப கடையில மீன் வாங்குறானுங்களே" என்றான் உன் மாமா. தோருன், இவனை வளர்த்ததே மீன் படகுதான். தலைமேல் கடற்காகம் எச்சமிட எச்சமிட எங்கள் அப்பாவோடு நாங்கள் இரண்டு பேரும் மீன் அறுத்துத்தான் வளர்ந்தோம். பறவை சுற்றினால் அடியில் மனிதன் இருப்பான் என்பதை அவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த மேசைப் பேச்சை நான் விசாரணையில் சொன்னேன், மனைவி கணவனுக்காகச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். அவன் மனைவி பியோர்க் தனக்கு ஞாபகமே இல்லை என்றாள். அந்த மாற்றத்தைச் செய்த பொறியாளர் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். பிறகு சத்தமில்லாமல் கப்பலைச் சரிசெய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சரிசெய்தார்களே தவிர, எதைச் சரிசெய்தோம் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஏப்ரல் கடைசியில் ஒருநாள் உன் மாமா க்ரீம் கேக்கோடு வாசலில் வந்து நின்றான். அந்தக் கப்பலுக்குப் பெயர்சூட்டு விழாவாம், ஜப்பானிலிருந்தும் கனடாவிலிருந்தும் வாங்க வருகிறார்களாம், இதே மாதிரி ஆறு கப்பல், அதன்பின் ஹைட்ரஜனில் ஓடுவதும், உலோகப் பாய் விரித்துக் காற்றில் போகும் சரக்குக் கப்பலும். அந்தப் பாயைப் பற்றிப் பேசும்போது அவன் கண்ணில் சின்ன வயதுப் பளபளப்பு வந்தது, அதை நான் மறைக்க மாட்டேன், கப்பலை அவன் நேசிக்கிறான், மனிதர்களைத்தான் நேசிக்கவில்லை. கடைசியில் விஷயத்துக்கு வந்தான். "குன்வோர், நீதான் ஞானத்தாயா நின்னு கப்பல் மூக்குல ஷாம்பெயின் பாட்டில உடைச்சுப் பேர் வைக்கணும். கேப்டனோட பொண்டாட்டியே உடைச்சாள்னா ஊர் வாய் மூடிரும். நமக்குள்ள இருக்கறதும் முடிஞ்சிரும்." அப்பா எழுந்து ஆட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். நான் கேக்கை வெட்டிக்கொண்டே சரி என்றேன். அவன் எதிர்பார்க்கவே இல்லை, என் கன்னத்தில் முத்தம் கூடக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிரவு அப்பா தொழுவத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

நம் தளத்து வழக்கம் உனக்குத் தெரியும், நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது பள்ளிக்கு ஊஞ்சல் வந்ததே அப்படித்தான். ஞானத்தாய் பாட்டிலை உடைப்பதற்கு முன்னால் கட்டியவனிடம் ஒன்று கேட்கலாம், அவன் மறுக்கக் கூடாது, மறுத்தால் பாட்டிலை உடைக்க மாட்டாள், பெயரில்லாத கப்பலில் இந்தக் கரையில் எவரும் கால் வைக்க மாட்டார்கள். நான் அப்பாவுக்கு வேலை கேட்பேன் என்று உன் மாமா கணக்குப் போட்டிருந்தான். தளத்தில் இரவுக் காவல் வேலை ஒன்றைத் தயாராகவே வைத்திருந்தானாம், பியோர்க் பின்னால் வாய்தவறிச் சொன்னாள். கேப்டனுக்கு இரவுக் காவல்!

விழா நாளில் வெயில் நன்றாக இருந்தது. நான் நம் ஊர்க் கம்பளி உடையை எடுத்துக் கட்டிக்கொண்டு, வெள்ளிப் பதக்கங்களை எல்லாம் துடைத்துக் குத்திக்கொண்டு போனேன், போருக்குப் போகிற மாதிரி இருக்கிறதே என்று கண்ணாடியில் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். அப்பா வரவில்லை. பள்ளிக்கூட பேண்டு வாத்தியம், வாஃபிள், பிளாஸ்க் பிளாஸ்காகக் காப்பி, ஊரே கரையில். கப்பல் அக்கரையில் காத்திருந்தது, பெயர் சூட்டத் தானாகவே வந்து நிற்க வேண்டும், அதுதான் வந்தவர்களுக்குக் காட்ட வைத்திருந்த வித்தை. உன் மாமா சட்டைக் காலரில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு நெடுநேரம் பேசினான், வருங்காலக் கடலில் தவறு செய்யும் மனிதனுக்கு இடமில்லை என்றான். தவறு செய்யும் மனிதன் என்று சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு என் முறை வந்தது. நான் சொன்னேன், ஞானத்தாய் கேட்பது இதுதான், ஸ்வெர்ரே, நீ ஹால்டோரின் படகில் ஏறி, கப்பல் வரும் வழியில் நின்று, ஒரு வாளி மீனைச் சுத்தம் செய்ய வேண்டும்.

கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்தார், உடனே எல்லோரும் சிரித்தார்கள். "விளையாடாத குன்வோர், வேற ஏதாவது கேளு" என்றான் அவன். "ஏன், கப்பலுக்குத்தான் இப்ப கண்ணு நல்லாத் தெரியுதாமே?" என்றேன். ஜப்பான்காரர் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மெல்லத் தலையசைத்து கேமராவை எடுத்தார், கனடாக்காரி கைதட்டினாள், இதைவிட நல்ல சோதனை கிடையாது என்றாளாம். விசாரணையில் இருந்த கடல்துறை அதிகாரியும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். ஹால்டோர் எனக்குச் சொல்லிவைத்தபடியே மீன் வாளியோடு படகைக் கட்டி வைத்திருந்தார், கோல்களை ஊன்றிக்கொண்டு, "கத்தி உள்ளயே இருக்கு, பிடி எந்தப் பக்கம்னு மறந்திருந்தா கேளு" என்றார். இதற்கு மேல் உன் மாமாவால் எப்படி மறுக்க முடியும். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, புது பூட்ஸோடு இறங்கினான், சிரித்துக்கொண்டேதான் துடுப்புப் போட்டான்.

முதல் மீனின் குடலை எறிந்ததும் இரண்டு பறவைகள் வந்தன, மூன்றாவது மீன் முடிவதற்குள் அவன் தலையே தெரியவில்லை. கரையிலிருந்து ஹால்டோர், "கழுத்த அறு, அப்புறம் வயிறு! வயித்துல ஆரம்பிச்சா உங்கப்பன் அடிப்பாரு!" என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கரையிலிருந்து கப்பல் கிளம்பியது. அது எவ்வளவு அழகாக வரும் தெரியுமா, புகையில்லை, சத்தமில்லை, மூக்கை நேராக வைத்துக்கொண்டு வழுக்கிக்கொண்டு வரும். கண்காணிப்பு அறையில் ஒரு பெண் பொத்தானில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் அது நிற்காமல் போனால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குக் கசக்கவில்லை. இதை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கப்பல் இன்னும் தொலைவில் இருக்கும்போதே அவன் எழுந்து நின்றுவிட்டான். கையை ஆட்டினான், கைக்கு முன்னால் பறவைகள்தான் ஆடின. காலரில் இருந்த ஒலிவாங்கியை அவன் கழற்றவே இல்லை தோருன், கரையிலிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் அவன் மூச்சு கேட்டது, அப்புறம் குரல் கேட்டது: "நிறுத்துங்கடா! அதுக்கு என்னத் தெரியல! பறவையப் பாக்காதன்னு நான்தான் சொல்லி வெச்சேன், நான்தான், நிறுத்துங்க!" அடுத்தது தண்ணீரில் விழுந்த சத்தம். பேண்டு வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கப்பல் நின்றது. அவனிடமிருந்து நல்ல தூரத்தில், ஒரு குலுக்கல் இல்லாமல், தானாகவே வேகம் குறைத்து நின்றது. அதற்கு ஒரு பெண் குரல் வைத்திருக்கிறார்கள், அந்தக் குரல் மரியாதையாகச் சொன்னது, "வழியில் ஒருவர் இருக்கிறார். காத்திருக்கிறேன்." அவன் பொறியாளர்கள் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்கள். அவன்தான் நம்பவில்லை. ஜப்பான்காரர் கேமராவை இறக்காமல் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார், மொழிபெயர்ப்பாளர் அவன் கத்தியதை வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தார். கடல்துறை அதிகாரி என்னிடம் வந்து, கிறிஸ்துமஸ் மேசையைப் பற்றி நீங்கள் அன்றைக்குச் சொன்னதை மறுபடியும் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் முதலில் பாட்டில், என்றேன். கப்பல் என்ன பாவம் செய்தது, சொல்லிக்கொடுத்ததைத்தானே அது கற்றது, அப்புறம் தவறைத் திருத்திக்கொள்ளவும் கற்றது, இந்தக் குடும்பத்தில் அதுவாவது. அவனைக் கரையேற்றியதும் கப்பல் தானாகவே வந்து கரையைப் பிடித்தது, அதற்கு ஹாவ்தீஸ் என்று பெயர் சொல்லி, உனக்கும் உன் வழியில் வருகிறவர்களுக்கும் நல்லது நடக்கட்டும் என்று வாழ்த்தி ஒரே வீச்சில் உடைத்தேன். உன் மாமா அப்போது கரைப் படிக்கட்டில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தான், எல்லோரும் அவனை விட்டு விலகி என்னிடம் வந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் அப்பா ஜன்னலோரம் தொலைநோக்கியோடு. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், ஒலிபெருக்கி நம் வீட்டு மேடுவரைக்கும் கேட்டிருக்கிறது. "என்னக் கேக்காம என் பேரச் சொல்லிப் பழி வாங்கிட்ட" என்றார். உங்கள் பெயரை நான் சொல்லவே இல்லை, அவன்தான் தன் பெயரைச் சொன்னான் என்றேன். அவர் ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுத்தார், அப்புறம், "தண்ணி ரொம்ப சில்லுனு இருந்திருக்கும்ல?" என்று கேட்டார். ஆறு டிகிரி என்றேன். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், தோள் குலுங்கியது, அது சிரிப்பு மட்டும்தானா என்று நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

விசாரணையை ஆகஸ்டில் மறுபடி திறக்கிறார்கள். அப்பா போக மாட்டேன் என்கிறார், பழையதைக் கிளறாதே என்கிறார், போவார், கேப்டன் கோட்டை இப்போதே வெளியில் எடுத்துக் காற்றாட மாட்டியிருக்கிறேன். இனி மாமா உன்னைக் கூப்பிடுவான். உனக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தவன், உனக்கு அவன் மேல் பிரியம் உண்டு, அதை நான் பிடுங்க வரவில்லை. பயத்தில் உளறினேன் என்று சொல்லுவான், அழுவான், அம்மாவிடம் எடுத்துச் சொல், இரத்த பந்தம் இல்லையா என்பான். நீ மன்னிப்பது என்றால் மன்னித்துக்கொள், அது உன் கணக்கு. எனக்காக வாக்குக் கொடுக்காதே. அந்த அறையில் நான் முதல் வரிசையில் உட்காரப்போகிறேன், கிறிஸ்துமஸ் மேசையில் சிரித்துக்கொண்டே சொன்னதை அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரிக்காமல் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் என் வீட்டில் அவனுக்குக் காப்பி.

சால்வை நல்ல கதகதப்பு, நிறம்தான் கொஞ்சம் அதிகம், தொழுவத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறேன், ஆடுகள் குறை சொல்லவில்லை. நீ அங்கே மீன் பண்ணைக் கூண்டுகளின் மேல் நடக்கும்போது மிதவைச் சட்டையை மாட்டாமல் போகாதே, உன் நண்பர்கள் கேலி செய்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசு, என்னைக் கேட்காதே, அவரைக் கேள், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டால் போதும், மீதியை அவர் பேசுவார். கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும், கை வைத்த வேலை துலங்கட்டும், உன்னைப் பார்க்காதது போல் போகிறவர்கள் உன் வழியில் வராமல் இருக்கட்டும்.

என்றும் உன் அம்மா,
குன்வோர்