சித்தப்பா வாடகைக்கு

ஜூலை 21, திங்கள்

புழுக்கம். மேகம் வந்து மலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டது. பள்ளிக்கு லீவு போட்டேன். இயற்பியல் ரெக்கார்டு பாக்கி.

அண்ணனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. அம்மா உடனே அண்ணாமலையாரைப் பார்த்துக் கும்பிட்டு, அவன் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். ஆனால் ஜாமீன் கிடைப்பது வேறு, வெளியே வருவது வேறாம். இன்றுதான் தெரிந்தது. இரண்டு பேர் ‘இவனுக்கு நாங்கள் பொறுப்பு’ என்று கோர்ட்டில் வந்து நிற்க வேண்டும். வீட்டு வரி ரசீது, ஆதார், போட்டோ. அதில் ஒருவர் ‘ரத்த உறவாக’ இருக்க வேண்டும். அதுவரை அண்ணன் வேலூர் ஜெயிலில்தான்.

பௌர்ணமி அன்று ஆட்டோ ஸ்டாண்டில் சவாரிக்காகச் சண்டை. ஒருத்தருக்கு மண்டை உடைந்தது. அண்ணனையும் சேர்த்து மூன்று பேரைப் போலீஸ் பிடித்தது. நீ அடித்தாயா என்று அம்மா கேட்டதற்கு, ‘ஒரு அறை விட்டேன்மா, மண்டைய நான் ஒடைக்கல’ என்றான். நம்புகிறேன். அறை விட்டதும் தப்புதான்.

கீழ்பென்னாத்தூர் மாமா சாயங்காலமே வரி ரசீதோடு பஸ் ஏறி வந்துவிட்டார். ஒரு ஆள் ஆயிற்று. ஆனால் மாமா ரத்த உறவு இல்லையாம். அம்மாவே சொன்னாள்: “அவரு என் கூடப் பொறந்தவரு. ரத்தம்னா பங்காளிங்கதான். நானே வேற வீட்ல இருந்து வந்தவ.”

அப்பா இல்லை. எனவே சித்தப்பா.

ஜூலை 22, செவ்வாய்

சித்தப்பா வீடு. ஃபேன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. சித்தி காபி போட உள்ளே போனாள். காபி வரவில்லை.

“அண்ணி, இதுல மாமனுங்க எல்லாம் நிக்க முடியாது. ரத்த உறவுன்னா நாங்கதான்.”

“அதான் உன்னாண்ட வந்தேன்பா.”

“வர்றேன். நாளைக்கு அவன் கோர்ட்டுக்கு வராம ஓடிட்டா என்னைத்தான் புடிப்பாங்க. எனக்கும் ஒரு பிடிமானம் வேணும்ல? கெணத்துப் பங்க மட்டும் எழுதிக் குடுத்துடுங்க.”

அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் எங்கள் வேர்க்கடலை விளைகிறது. அம்மா எழுந்துவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டினாள். பேச்சுப் போட்டியில் நான் பரிசு வாங்கியபோது ‘எங்க ரத்தம்’ என்று மைக்கைப் பிடுங்கிப் பேசியவர் இவர்.

ஜூலை 23, புதன்

வெயில். வக்கீல் சென்னைக்குப் போயிருக்கிறார். அவருடைய கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடக்கும் சேகர் என்பவர் கோர்ட் எதிர் டீக்கடையில் எங்களைப் பிடித்தார். எப்போதும் பல் குத்திக்கொண்டே பேசுகிறார். அந்தக் குச்சியாலேயே ஆளையும் காட்டுகிறார்.

“ரத்த உறவு கெடைக்கலியா? கவலய வுடுங்க. நம்மகிட்ட வாடகைக்கு ஆளு இருக்கு.”

அம்மா: “ஏங்க, நான் நிக்கக் கூடாதுங்களா? வீடு என் பேர்லதான் இருக்குது.”

“பொம்பளைங்கள எடுத்துக்க மாட்டாங்கம்மா. அதுவும் நீங்க பங்காளி கெடையாது.”

பெஞ்சில் வரிசையாக நான்கு பேர். வெள்ளை வேட்டி, பையில் வரி ரசீது. சந்தையில் மாடு காட்டுவதுபோல சேகர் காட்டினார். ஒருவர் உயரம், அப்பா ஜாடை இல்லை. இன்னொருவர் போன வாரம்தான் இதே கோர்ட்டில் நின்றாராம், வேண்டாம். மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தார். மூக்கு கொஞ்சம் ஒத்துப்போகிறதாம். என் அப்பாவின் மூக்கு!

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

காலையில் அப்பாவுக்குப் படையல். வடை, பாயசம். காக்கை வந்தது. மத்தியானம் அப்பாவுக்கு ஒரு தம்பியும் வந்தார்.

சேகர் கூட்டி வந்தார். நெற்றியில் திருநீறு, வாயில் பாக்கு. மரியாதையான மனிதர்தான். அதுதான் இன்னும் அருவருப்பு. மாஜிஸ்திரேட் கேள்வி கேட்பாராம், குடும்ப விவரம் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். வாத்தியார் யார்? நான்.

“அப்பா பேரு சொல்லு பாப்பா. தாத்தா பேரு? எந்த ஊரு?”

சொன்னேன். திருப்பிச் சொன்னார். ஒரு பிழை இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இந்த ஞாபகசக்தி கிடையாது.

“உங்களுக்குக் குழப்பமா இருக்காதா?” என்று கேட்டேன்.

சிரித்தார். “போன மாசம் ஒருத்தனுக்குப் பெரியப்பா. அதுக்கு முன்னாடி ஒருத்தனுக்கு அண்ணன். இந்த ஜில்லாவுல எனக்குப் பங்காளிங்க ஜாஸ்தி பாப்பா.”

படையல் வடையை அம்மா அவருக்கும் வைத்தாள். அப்பா படத்துக்குக் கீழே உட்கார்ந்து தின்றார்.

“பையன வூட்ல என்னான்னு கூப்புடுவீங்க?”

அதை மட்டும் சொல்லவில்லை. தினேஷ் என்றுதான் கூப்பிடுவோம் என்றேன். பொய். மொட்டை என்று கூப்பிடுவோம். அந்தப் பெயரை அந்த வெற்றிலை வாயில் கேட்க முடியாது.

உயிரியல் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். மரபியல். குழந்தைக்குப் பாதி குரோமோசோம் தாயிடமிருந்து. மைட்டோகாண்ட்ரியா முழுக்கத் தாயிடமிருந்து. அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் இருக்கும் ஒற்றுமையை விட அம்மாவோடு ஜாஸ்தி. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கோர்ட்டுக்குத் தெரியாதா? அல்லது நமக்குத் தெரியாதா?

ஜூலை 25, வெள்ளி

கோர்ட் வராந்தா. வக்கீல் வந்துவிட்டார், ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தார். கோட்டைப் பிடித்து இழுக்காத குறை.

“சார், ரத்த உறவுன்னா அம்மா வர மாட்டாங்களா?”

நின்றார். “அம்மாவ விட ரத்த உறவு யாரும்மா? தாராளமா நிக்கலாம். வரி ரசீது அவங்க பேர்ல இருந்தா போதும். ஆனா உங்களுக்குத்தான் அம்மா இல்லியே? அம்மா இல்லாத பசங்கன்னு சேகர் சொன்னானே.”

அம்மா என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். கையில் மஞ்சள் பை, பைக்குள் ரசீது. தன் சாவை அப்போதுதான் கேட்டாள்.

“இருக்கேங்க,” என்றாள்.

சேகர் குச்சியை மென்றுகொண்டே, “நான் அப்பான்னுதான் சார் சொன்னேன்,” என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வாடகைச் சித்தப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டு அடுத்த குடும்பத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மாமாவை முதலில் கூப்பிட்டார்கள். அடுத்து அம்மா. மாஜிஸ்திரேட்டும் ஒரு பெண்தான்.

“இவர் உங்களுக்கு யாரும்மா?”

“நான் பெத்த புள்ளைங்க.”

“பேரு?”

“மொட்டைங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு “தினேஷுங்க” என்றாள். மாஜிஸ்திரேட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுதினார். வாடகைச் சித்தப்பாவாக இருந்தால் தினேஷ் என்று தடுமாறாமல் சொல்லியிருப்பார்.

உத்தரவு வேலூருக்குப் போக வேண்டும். நாளைக்கு வருவான். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து போட வேண்டும்.

ஜூலை 26, சனி

தூறல். அண்ணன் வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். தலையில் பேன். மாமா ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் ஊற்றுவதற்குள் சித்தப்பா மிக்சர் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

தெருவே கேட்கும்படி: “என்ன இருந்தாலும் ரத்தமாச்சே, விட்டுடுவோமா? நாலு நாளா எனக்குத் தூக்கமே கெடையாது!”

ஒன்றும் தெரியாத அண்ணன் அவர் காலில் விழுந்தான். அவரும் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். பேன் ஏறியிருக்கும். ஏறட்டும்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா கண்ணாலேயே அடக்கினாள். சித்தப்பாவுக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தாள். குடித்தார்!

அவர் போன பிறகு அண்ணன், “சித்தப்பாதான் கையெழுத்து போட்டாராம்மா?” என்றான்.

“போடா மொட்டை. போய்க் குளி.”

மிக்சரைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டேன். முகர்ந்து பார்த்தது. தின்றுவிட்டது. அதற்கும் வெட்கமில்லை.