கேக்கின் மேல் ஒரு துண்டு சீஸ்

கீழ்வீட்டுக்காரர் நத்தார்ப் பண்டிகைக்குத் தந்த, பழங்கள் போட்ட ரிச் கேக்கின் மேல் நேற்று ஒரு துண்டு சீஸை வைத்துச் சாப்பிட்டேன். மகள் முகத்தைச் சுளித்தாள். "அம்மா, கேக்கோட சீஸா? வ்ரேமோ, உண்மையாவோ?" என்று பள்ளிக்கூடப் பிரெஞ்சையும் கலந்து கேட்டாள்.

"ஓம் பிள்ளை. யோக்ஷயரில இப்பிடித்தான் சாப்பிடுவினம்" என்றேன். என் சிநேகிதியே, நீ போன பிறகு வருகிற முதல் நத்தார் இது.

இங்கிலாந்தின் யோக்ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் நாம் இருவரும் வேலை செய்தோம். ஒரே அறையில் இருந்தோம். வன்னியில் உன் தம்பி செத்துப்போனான் என்ற செய்தி வந்ததும் நீ கதைப்பதை நிறுத்திவிட்டாய். முன்னால் வைத்த சோறு அப்படியே ஆறிக் கிடக்கும். நீ அழவுமில்லை. எனக்கு அதுதான் பயம். சின்ன வயதில் நீயும் அவனும் மாறி மாறி வாசித்த ஆங்கில நாவல் ஒன்றைப் பற்றி முன்பு ஓயாமல் சொல்லுவாய். அதை எழுதியவளின் ஊருக்கு அங்கிருந்து ஒரே பஸ். ஒரு ஞாயிறு, உன்னைக் கேட்காமலே உன் கோட்டை எடுத்து நீட்டினேன்.

காட்சிசாலையாக்கிய அந்த எழுத்தாளரின் வீட்டு வாசலில் நின்றுவிட்டாய். "உள்ளுக்க என்னடி கிடக்கு? கதை நடந்தது வெளியிலதானே." எத்தனையோ நாளுக்குப் பிறகு உன் குரலைக் கேட்டேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் மேடேறினோம். வெளியெங்கும் ஹெதர்ச் செடி ஊதாவாகப் பூத்திருந்தது. நீ முன்னால் போனாய். எனக்கு மூச்சு வாங்கியது. திடீரென்று பனிப்புகார் இறங்கிப் பாதை மறைந்தது. நான் உன் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். நீயோ அசையாமல் நின்று, "தம்பி இந்த இடத்தை இப்பிடித்தான் நினைச்சு வச்சிருந்தவன்" என்றாய்.

ஒரு கல்மதிலைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கியபோது பண்ணை வீடொன்றின் தேநீர்க்கடை வந்தது. நனைந்த எங்களைக் கண்ட கடைக்காரப் பெண் எதுவும் கேட்காமல் பழக் கேக்கை வைத்து, அதன் மேல் வெள்ளைச் சீஸையும் வைத்தாள்.

"இதென்னடி கூத்து?" என்று கடித்துப் பார்த்தாய். பிறகு மெல்லச் சொன்னாய்: "அவன் இருந்திருந்தா என்ர துண்டையும் பறிச்சுத் திண்டிருப்பான்."

அப்போதுதான் அழுதாய். அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டாய். அந்தப் பெண் உன் கோப்பையில் மறுபடி தேநீர் ஊற்றினாள்.

நான் கலியாணமாகி மொன்றியலுக்கு வந்தேன். நீ அங்கேயே நின்றாய். ஞாயிறுகளில் போன் எடுத்து, "இண்டைக்கு எங்கயடி நடந்தனி?" என்று கேட்பேன். "மதில் போன போக்கில போனன்" என்பாய். போன இலையுதிர்காலத்தில் நோய் உன்னைக் கொண்டுபோனது.

இங்கே மொன்றியலின் லாசாலில் எங்கள் மாடியில் ஓர் அக்கா அண்மையில் கணவரை இழந்தார். ஆறுதல் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியாது. போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, வாங்கோ. ஆத்தங்கரைப் பக்கம் நடந்திட்டு வருவம்."

"இந்தக் குளிருக்கையோ?"

"ஓம். கதைக்கத் தேவையில்லை. சும்மா நடப்பம்."

அவர் கதவோரம் குந்தி, பனிச் சப்பாத்தைப் போடத் தொடங்கினார்.