பாய்க்கு அடியில் கிடந்த பில்கள்

மட்டாஞ்சேரி,
16 ஜூன் 2006

அன்புள்ள அங்கம்மா அக்காவுக்கு,

உங்கள் பக்கத்து வீட்டு அஞ்சு எழுதுவது. சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்தீர்களா? கால் வீக்கம் வடிந்ததா? இங்கே மழை விட்டபாடில்லை. பஸார் ரோடு முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். அதில் வைத்துத்தான் மிளகுச் சாக்கு இறக்குகிறார்கள். நான் படித்தது மலையாளம், தமிழில் பிழை இருந்தால் உங்கள் மகள் செல்வி திருத்தி வாசிக்கட்டும்.

முக்கியமான செய்தி இதுதான். ஆபீஸ் பில்களை நீங்கள் அழிக்கவில்லை. யாருமே அழிக்கவில்லை. எல்லாம் கிடைத்துவிட்டன.

ஏற்றுமதி பில் எல்லாம் மாடியில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கீழே எங்கள் மேசைகளில் இருப்பவை லினக்ஸ் கம்ப்யூட்டர்கள். ஆன் செய்ததும் அவை மாடியைத் தேடிப்போய் அந்த பில் ஃபோல்டரை இழுத்து இணைத்துக்கொள்ளும். அதற்கு மாடி முதலில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் சிஸ்டம் பார்க்கும் ஷாஜி, காலையில் முதல் ஆளாகக் கூட்ட வருகிற உங்களிடம், "அக்கா, வந்தா ஆத்யம் மேலே போயி இந்த ஸ்விட்சைப் போடணும், மறக்கல்லே" என்று சொல்லிவைத்தான். நீங்களும் மறந்ததில்லை.

பிறகு சிவராமகிருஷ்ணன் சார் அதைப் பார்த்துவிட்டார். கக்கூஸ் கழுவுகிற கை லட்சுமி இருக்கிற மெஷினில் படலாமா என்று குதித்தார். கம்ப்யூட்டர் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்த ஒரே முதலாளி இவராகத்தான் இருப்பார். மறுநாளிலிருந்து விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, கீழே இருப்பவற்றை ஒவ்வொன்றாக அவரே ஆன் செய்தார். பிறகு மூச்சு வாங்க மாடியேறி, பெரியதைக் கடைசியில் போட்டார். அதற்குள் கீழே இருப்பவை தேடிப்பார்த்துக் கைவிட்டிருக்கும்.

ஃபோல்டர் அதே பெயரோடு, காலியாக, அங்கேயே இருக்கும். அவசரத்தில் நாங்கள் புதிய பில்லை அடித்து அதற்குள் போட்டோம். பழைய பில் வேண்டும்போது ஷாஜி கலூரிலிருந்து வந்து இணைப்பான். பழையவை வரும், புதியவை காணாமல் போகும். "மாடியக் கூட்டறச்சே என்னத்தையோ அமுக்கிப் பழி வாங்கிட்டா" என்று சார் தீர்ப்புச் சொல்லி, தெருவே பார்க்க உங்களை வெளியே அனுப்பினார்.

போன திங்கட்கிழமை ஷாஜி வரவில்லை. நானே உட்கார்ந்தேன். மாடிக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டால் பதில் வந்தது. கேபிள் சரி, பாஸ்வேர்டும் சரி. ஃபோல்டரை இணைக்கச் சொல்லும் மவுண்ட் கட்டளையைக் கையால் அடித்தேன். பழைய பில்கள் வந்து நின்றன. சற்று முன் நான் அடித்த ஏலக்காய் பில்லைக் காணோம். என் கண் முன்னால் போனது அக்கா! அப்போது நீங்கள் இந்த ஊரிலேயே இல்லை. இணைப்பைக் கழற்றினேன். பில் அங்கேயே கிடந்தது. தரையில் கிடக்கும் சாவி மேல் பாயை விரித்தால் எப்படியோ அப்படித்தான். காலி ஃபோல்டரின் மேல் மாடி ஃபோல்டர் வந்து மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு மேசையிலும் பாயைத் தூக்கிப் பார்த்தேன். காணாமல் போன அத்தனையும் கிடந்தன.

சாரிடம் காட்டினேன். அவர் வெட்கப்படுவார் என்று நினைத்த நான்தான் மண்டு. "ஃபைல் கெடச்சுடுத்தோன்னோ? அப்பறம் எதுக்குப் பழங்கதை? வேணும்னா அவள வரச் சொல்லு. பின்வாசல் வழியா வரட்டும், மாடிப் பக்கம் போகப்படாது" என்றார். கணக்கெழுதும் கமலாக்ஷி சேச்சி "அய்யோ, பாவம்" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போனாள். சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அந்தப் பின்வாசலுக்கு நீங்கள் வர வேண்டாம்.

இப்போது மாடி ஸ்விட்சை நான் போடுகிறேன். "ஒன் கை ராசியான கைடீ" என்கிறார் சார். என் அம்மா முனிசிபாலிட்டி வண்டியில் குப்பை அள்ளுகிறாள் என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை.

வரும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது எல்லாரும் நிற்பார்கள். பில்லை மூடியது அவருடைய கற்பூர வரிசைதான், அங்கம்மா அக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லப் போகிறேன். நான் யார் மகள் என்பதையும் சொல்வேன். குழாயடியில் உங்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசியவர்களுக்கு இன்று மாலையே சொல்லியாகிவிட்டது.

தண்ணீரில் நிற்காதீர்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். வேலைக்குப் போகும்போது என் தலையில் கை வைத்து "நல்லா இருப்பே" என்பீர்களே, வெள்ளிக்கிழமை காலையில் அங்கிருந்தே ஒருமுறை சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
அஞ்சு

செல்வி, இதை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. எனக்குப் பயமாக இருக்கிறது.