கேமரா பார்த்தாச்சு

மார்ச் 4, செவ்வாய்

காலை ஷிப்ட். 7.40 பேருந்து நாற்பது நிமிடம் தாமதம். அதையே ஒன்பது முறை அறிவித்தேன். ஒன்பதாவது முறை "பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு" என்று ஆரம்பித்தபோது மேல்வயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்ததுபோல் இருந்தது. மைக்கை அணைத்துவிட்டு மேஜைமேல் கவிழ்ந்துகொண்டேன். பேருந்து நிலையத்தில் தினமும் ஆயிரம் பேர் என் குரலைக் கேட்கிறார்கள். முகத்தைப் பார்ப்பவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்த வகையில் இந்த அறை வசதி. முகத்தை எப்படி வேண்டுமானாலும் சுளித்துக்கொள்ளலாம்.

கழுத்து வலிக்கு ஒரு மாத்திரை போட்டேன். வெறும் வயிற்றில்தான். சாப்பிட்டாலும் எரிகிறது, சாப்பிடாவிட்டாலும் எரிகிறது. வேறென்ன செய்ய?

மார்ச் 6, வியாழன்

என் வீட்டுக்காரர் விடவில்லை. தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். வயிற்றை அழுத்திப் பார்த்தார், எடை பார்த்தார். போன தடவைக்கு இப்போது ஆறு கிலோ குறைவு. "எனக்கே தெரியாதே" என்றேன். பொய். இரண்டு மாதமாக இடுப்பில் ஊக்கு குத்திக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

"வாய் வழியா ஒரு மெல்லிசு ட்யூப் போகும்மா. நுனியில கேமரா. அஞ்சாறு நிமிஷம். வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு நேரா பாத்துடலாம்."

ட்யூப் என்ற சொல்லைக் கேட்டதுமே நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திவிட்டேன். "மாத்திரையே குடுங்களேன் டாக்டர்."

"என்னன்னே தெரியாம எதுக்கும்மா மாத்திரை குடுக்கிறது?"

அடுத்த வெள்ளி, காலை எட்டு மணி. வெளியே வந்ததும் வீட்டுக்காரர் சொல்கிறார், "அஞ்சு நிமிஷம்தானே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுடும்." அவருக்கென்ன, திறக்கப்போவது அவர் வாய் இல்லையே.

மார்ச் 9, ஞாயிறு

இதை எங்கேயும் எழுதியதில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு ஏழு வயது. அம்மாவின் சத்து மாத்திரைகள், மேலே சிவப்பாகச் சர்க்கரை பூசியவை. மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி தின்றுவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் என் காலின்மேல் உட்கார்ந்தார். இன்னொருவர் தலையை இறுக்கினார். வலது கையை அம்மா பிடித்துக்கொண்டாள். இடது கை அக்காவிடம். அவளுக்கே பன்னிரண்டு வயதுதான். "வேடிக்கை பாக்காத, பிடி!" என்று யாரோ அதட்டினார்கள், பிடித்தாள். ரப்பர் குழாயை வாய்க்குள் இறக்கித் தண்ணீரை ஊற்றி ஊற்றி எடுத்தார்கள். விடுக்கா என்று கத்த வேண்டும். குழாயை வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது? அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விடவேயில்லை.

நாற்பது வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் பல் டாக்டர் வாயில் எதை வைத்தாலும் என் கை தானாக எழுந்து தட்டிவிடுகிறது. கழுத்தை ஒட்டின சட்டை போட முடியாது. பிரஷ் நாக்கில் கொஞ்சம் உள்ளே பட்டால் ஓங்கரிப்பு.

இதெல்லாம் ஒரு காரணமா? கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கும் பெரிய மனுஷிக்கு?

மார்ச் 13, வியாழன்

நாளைக்கு. ராத்திரி எட்டுக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாதாம். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. எச்சிலே இறங்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 14, வெள்ளி

என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்!

வீட்டுக்காரர் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடை திறக்கப் போனார். பத்து மணிக்கு வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. வரிசையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவர் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. "அவ்ளோதான், அவ்ளோதான், அசையாதீங்க" என்று யாரோ சொன்னார்கள்.

எழுந்தேன். கழிவறை எங்கே என்று கேட்டேன். கை காட்டினார்கள். அதற்கு எதிர்ப்பக்கம் நடந்து, படி இறங்கி, வாசலைத் தாண்டி வீதிக்கு வந்துவிட்டேன். கால்கள்தான் போயின, நான் போகவில்லை. ஒரு துணிக்கடைக்குள் புகுந்து ஒரு மணி நேரம் திரைச்சீலை பார்த்தேன். நீலத்தில் பூப்போட்டது நன்றாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் வேறு சொன்னேன்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்பி வந்து நின்றேன். உண்மையைச் சொல்லத்தான் நின்றேன். அவர் வேகமாக வந்தார். "முடிஞ்சுதா?"

"கேமரா பார்த்தாச்சு. ஒண்ணுமில்லையாம்."

எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? அப்படியே என் அறிவிப்புக் குரல். தடுமாற்றமே இல்லை.

அவர் சுவரில் கையை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஈரமாக இருந்தது. "எட்டு நாளா எனக்கு உயிரே இல்ல" என்றார். ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார். பின்னால் அனுப்புவார்கள் என்றேன். அதையும் தடுமாறாமல்.

மார்ச் 16, ஞாயிறு

மகளுக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். அக்காவுக்கும். கடை முதலாளிக்கும். மாடியில் குடியிருப்பவர் நல்ல செய்தியாமே என்று படியில் நிறுத்தி விசாரிக்கிறார். இனி எந்த வாயால் மாற்றிச் சொல்வது?

அவர் இன்று குளிக்கும்போது பாடினார். பாட்டு என்று அவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

எரிச்சலுக்கான திரவ மருந்தை மைக் அறையில் ஒளித்து வைத்திருக்கிறேன். எங்கள் நேரக் கண்காணிப்பாளர் பாட்டிலைப் பார்த்துவிட்டார். எதைக் கேட்டாலும் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும் என்பார். அதனால் நிலையத்தில் அவருக்குப் பத்துநிமிஷம் என்றே பெயர். "என்னம்மா, வயிறா?" என்றார். "பத்து நிமிஷத்துல சரியாயிடும் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன்.

மார்ச் 28, வெள்ளி

வெளிக்குக் கறுப்பாகப் போகிறது. தார் மாதிரி. நேற்றும்.

மார்ச் 30, ஞாயிறு

இன்னும் அப்படித்தான். உள்ளே ரத்தம் கசிந்தால் இப்படி ஆகும் என்று படித்தேன். படிக்காமலே தெரியும். படி ஏறினால் காது அடைக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் உதடு வெளுத்திருக்கிறது.

மத்தியானம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னங்க" என்றேன். "ம்?" என்று நிமிர்ந்தார். அவ்வளவு நிம்மதியான முகம். "ஒண்ணுமில்ல" என்றேன்.

எனக்கு எது பெரிய பயம்? குழாயா, இந்த மனுஷனின் முகம் மாறுவதா? செத்தாலும் பரவாயில்லை என்று இருக்கிறேனா? இல்லை. சாகப் பிடிக்கவில்லை. அது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஏப்ரல் 2, புதன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். கையில் ஊசி இருப்பதால் எழுத்து கோணல்.

காலை ஒன்பதரைக்கு "நான்காம் நடைமேடையில்" என்று சொன்னது நினைவிருக்கிறது. பிறகு தரை. மைக் திறந்தே இருந்திருக்கிறது. நான் விழுந்த சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டதாம். பத்துநிமிஷம் படி தாவி ஓடி வந்து, தன் வண்டியிலேயே கொண்டு வந்து சேர்த்தார். நிஜமாகவே பத்து நிமிடத்தில்.

வீட்டுக்காரர் கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். அவசரப் பிரிவு டாக்டர் ஒரு பெண்மணி. வயிறு, நாடி, எல்லாம் பார்த்துவிட்டு, "வயித்துலதான் ரத்தம் கசியுதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

வீட்டுக்காரர் குறுக்கிட்டார். "இருக்காது டாக்டர். பத்தொன்பது நாள் முன்னாடிதான் கேமரா விட்டுப் பாத்தாங்க. வயித்துல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "அப்படியா? அப்ப கீழ குடல்லதான் தேடணும்."

அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். என் பொய்யை எழுதுகிறார். அதை நம்பி வேறு எங்கோ தேடப் போகிறார்கள்.

"பாக்கல" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் நிலையம் முழுக்கக் கேட்கப் பேசியவள். மறுபடி சொன்னேன். "நான் பாக்கலீங்க. பயந்து ஓடி வந்துட்டேன். பொய் சொன்னேன்."

இவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

டாக்டர்தான் பேசினார். "இப்பவாவது சொன்னீங்களே. நாளைக்குக் காலையில முதல் ஆள் நீங்கதான்."

சாயங்காலம் அக்கா வந்தாள். அவளிடம் காரணத்தையும் சொன்னேன்: சிவப்பு மாத்திரை, ரப்பர் குழாய், அவள் கை. சொல்லி முடிக்கும் முன்பே அழுதாள்.

"எனக்கு மறந்துடுச்சுன்னு நினைச்சியாடி? நீ பாத்த பார்வை இன்னும் என் கண்ணு முன்னாடி நிக்குது. விட்டா நீ செத்துடுவேன்னு சொன்னாங்க. எனக்கு என்ன தெரியும்?"

இதை ஒரு தடவைகூட நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கல்யாணம், சாவு, சண்டை எல்லாம் பேசியிருக்கிறோம், இதை மட்டும் விட்டுவிட்டு. அவள் கன்னத்தைத் துடைத்தேன். நோயாளி நானா அவளா என்று பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குக் குழப்பம்.

ஏப்ரல் 3, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அறை சின்னது, குளிர். ரத்தம் குறைவாக இருப்பதால் மயக்க ஊசி வேண்டாம், தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்து மட்டும் அடிக்கலாம் என்றார்கள். கசப்பு. கொஞ்ச நேரத்தில் தொண்டை என்னுடையதாக இல்லை, எச்சிலை விழுங்கினேனா இல்லையா என்றே தெரியவில்லை. அப்போதுதான் பயம் உச்சத்துக்கு ஏறியது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நர்ஸ் பருமனான பெண், என் வயசு இருக்கும். "ஓடணும்போல இருக்கா?" என்றாள்.

"ஆமா."

"எது பயம், ட்யூபா?"

யோசித்தேன். ட்யூப் இல்லை. "என்னை யாரும் பிடிக்கக் கூடாது. கையை, காலை, தலையை — யாரும்."

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையசைத்ததும் அவளே சொன்னாள்: "யாரும் பிடிக்க மாட்டாங்க. நீங்க என் கையைப் பிடிச்சுக்குங்க. போதும்னா ரெண்டு தடவை அழுத்துங்க, நிறுத்திடுவோம். சத்தியமா."

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம். கறுப்புக் குழாய், என் சுண்டுவிரல் தடிமன். அது நாக்கைத் தாண்டும்போது ஓங்கரித்தேன். கண்ணில் தண்ணீர், வாயில் எச்சில், அசிங்கம்தான். இரண்டு தடவை அழுத்தினேன்.

நிறுத்தினார்கள். அப்படியே வெளியே எடுத்துவிட்டார்கள்!

நம்பவே முடியவில்லை. படுத்தபடியே மூச்சு வாங்கினேன். யாரும் அதட்டவில்லை. டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நானே வாயைத் திறந்தேன்.

இரண்டாவது முறை இறங்கியது. வலி இல்லை. உள்ளே காற்று நிரப்பும்போது வயிறு ஊதி, அசிங்கமாக ஏப்பம் வந்தது. "மூக்கால மூச்சு விடுங்க, எச்சில் வழியட்டும், விழுங்காதீங்க" என்று நர்ஸ் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் விரல்களை நசுக்கிவிட்டேன். ரத்தக் கசிவை அங்கேயே அடைத்தார்கள். திரையை நான் பார்க்கவில்லை. அவ்வளவு வீரம் எனக்குக் கிடையாது.

வயிற்றில் புண், ஆழமானது. வெறும் வயிற்றில் தின்ற வலி மாத்திரைகளும் காரணமாம். சதையில் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கெட்டது ஏதாவது இருக்கிறதா என்று ஒன்பது நாளில் தெரியும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வீட்டுக்கு வந்து மூன்று நாள். இவர் பாலை ஆற்றித் தருகிறார், மாத்திரை எடுத்துத் தருகிறார். பேசுவதில்லை.

இன்று கேட்டுவிட்டேன். "திட்டிடுங்களேன்."

காலித் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார். "உனக்கு உள்ள ரத்தம் ஒழுகிட்டு இருந்திருக்கு. நான் பாட்டு பாடிட்டு இருந்திருக்கேன். அதை நினைச்சாத்தான்..." முடிக்கவில்லை. பால் தம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

ஏப்ரல் 12, சனி

கெட்டது இல்லை. ஒரு கிருமிதான். பதினாலு நாள் மருந்து. மே மாதக் கடைசியில் புண் ஆறியதா என்று மறுபடி கேமரா.

டாக்டர் சொல்லும்போது இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு சொல்லையும் தன் காதால் கேட்டுக்கொள்வதுபோல. வலித்தது. வலிக்கட்டும். நான் தேடிக்கொண்டது.

மே 29, வியாழன்

கடையில் புதுச் சரக்கு இறங்கும் நாள், இவரால் வர முடியவில்லை. நான் மட்டும் போனேன். எட்டரைக்கு உள்ளே, ஒன்பதுக்குள் வெளியே. ஓங்கரிப்பு இருந்தது. பயமும் இருந்தது. அது போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். வாசலில் கால் கொஞ்சம் தயங்கியது, அப்புறம் உள்ளே போனது.

ஒன்பதேகாலுக்கு இவர் போன். பின்னால் பெட்டிகள் இழுபடும் சத்தம்.

"என்ன சொன்னாங்க?"

"ஆறிடுச்சாம். தழும்பு மட்டும்தான் இருக்காம்."

மறுமுனையில் ஒரு பெட்டி தரையில் இறங்கும் சத்தம். பேப்பரைப் படம் எடுத்து அனுப்பவா என்று கேட்க வாயெடுத்தேன்.

"சரி" என்றார் அதற்குள். "வர்றப்ப சோப்பு வாங்கிட்டு வந்துடு, தீந்துபோச்சு." வைத்துவிட்டார்.

பத்து மணி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பேருந்துக்கு ஓடினேன்.